மாவட்ட நீதிபதி உயர் நீதிமன்றத்துக்குப் போவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மாவட்ட நீதிபதியின் பெயர் உயர் நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டதாகப் பேப்பரில் வந்துவிட்டால், அன்று காலை கோர்ட் வளாகத்தில் வேறு பேச்சே இருக்காது. "நம்ம ஜட்ஜம்மா ஹைகோர்ட்டுக்குப் போறாங்களாமே, இதெல்லாம் யார் சார் முடிவு பண்றது?" என்று வாய்தாவுக்கு வந்த கட்சிக்காரர்கள் கேட்பார்கள். ஜூனியர் வழக்கறிஞர்களுக்கோ வேறு கேள்விகள் இருக்கும். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறவன் என்ற முறையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். தமிழ்நாட்டையும் சென்னை உயர் நீதிமன்றத்தையும் மனதில் வைத்து எழுதியது. அரசமைப்புச் சட்டம் பற்றிச் சொல்வது எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும்.

இது பதவி உயர்வா, புதிய நியமனமா?

புதிய நியமனம். முதல் படியில் இருக்கும் முன்சீப், அடுத்த படியான சார்பு நீதிபதி ஆவதும், சார்பு நீதிபதி மாவட்ட நீதிபதி ஆவதும் பதவி உயர்வு. அதற்கு விதி உண்டு, சீனியாரிட்டி பட்டியல் உண்டு, விட்டுப்போனால் வழக்குப் போடலாம். மாவட்ட நீதிபதிக்கு மேலே அந்த ஏணி நின்றுவிடுகிறது. மாவட்ட நீதிபதியை நியமிப்பவர் ஆளுநர். உயர் நீதிமன்றத்தைக் கலந்துகொண்டு, அரசமைப்புச் சட்டப் பிரிவு 233-ன்படி நியமிக்கிறார். உயர் நீதிமன்ற நீதிபதியை நியமிப்பவர் குடியரசுத் தலைவர், பிரிவு 217-ன்படி. விண்ணப்பம் கிடையாது, எழுத்துத் தேர்வு கிடையாது, "எனக்குத்தான் அடுத்த முறை" என்று கேட்கும் உரிமையும் கிடையாது.

ஆனால் பெயரைப் பரிசீலிக்கவே இல்லை என்றால்? அதற்கு 2024-ல் ஒரு பதில் கிடைத்தது. இமாசலப் பிரதேசத்தின் மிக மூத்த இரண்டு மாவட்ட நீதிபதிகள், தங்கள் பெயரை மறுபரிசீலனை செய்யும்படி உச்ச நீதிமன்றக் கொலீஜியம் (நியமனத்துக்குப் பெயர் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழு) சொல்லியிருந்தும் உயர் நீதிமன்றத்தில் அது முறையாக நடக்கவில்லை என்று உச்ச நீதிமன்றத்துக்கே போனார்கள். தலைமை நீதிபதி தனியாக முடிவெடுத்தால் போதாது, கொலீஜியமாகக் கூடிக் கலந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும் என்று 2024 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. பதவி கொடு என்று கேட்க முடியாது. என் பெயரை முறைப்படி எடுத்துப் பாருங்கள் என்று கேட்கலாம்.

முன்சீப்பாகச் சேர்ந்தால் என்னென்ன படிகள்?

தமிழ்நாட்டில் நீதித்துறைப் பணியின் முதல் படி சிவில் நீதிபதி. டிஎன்பிஎஸ்சி நடத்தும் தேர்வில் வென்றவர் மாவட்ட முன்சீப்பாகவோ நீதித்துறை நடுவராகவோ ஒரு சின்ன ஊரில் போய் உட்காருவார். சில ஊர்களில் இரண்டும் ஒரே நாற்காலிதான்: காலையில் நிலத் தகராறு, மாலையில் ரிமாண்ட். முதன்மைத் தேர்வில் சட்டத்தாள்களோடு மொழிபெயர்ப்புக்கென்று தனித் தாள் உண்டு. இதை நான் பெரிதாக மதிக்கிறேன். சாட்சி தமிழில் பேசுகிறார், தீர்ப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் போகிறது. நடுவில் ஒரு சொல் நழுவினால் ஒரு குடும்பத்தின் நிலம் நழுவும்.

அடுத்தது சார்பு நீதிபதி, பேச்சில் சப் ஜட்ஜ். தலைமைக் குற்றவியல் நடுவரும் அதே நிலைதான். அதற்கு மேல் மாவட்ட நீதிபதி. கொலை வழக்கை விசாரிக்கும்போது அவரே அமர்வு நீதிபதி. மாவட்டத்தின் நிர்வாகமும் சேர்ந்து வரும்போது முதன்மை மாவட்ட நீதிபதி.

மாவட்ட நீதிபதி ஆவதற்கு மட்டும் மூன்று வாசல்கள். ஒன்று, சீனியாரிட்டியும் தகுதியும் பார்த்து வரும் பதவி உயர்வு. இரண்டு, பணியில் இருப்பவர்களுக்கான போட்டித் தேர்வு. மூன்று, ஏழு ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர்கள் நேரடியாக எழுதும் தேர்வு. 2002-ல் உச்ச நீதிமன்றம் இவற்றை 50, 25, 25 சதவீதம் என்று பிரித்தது. 2010-ல் நடு வாசல் 10 சதவீதமாகச் சுருங்கியது. 2025 மே 20 தீர்ப்பு அதை மறுபடி 25 ஆக்கியது. அதே தீர்ப்புதான், இனி நடக்கும் தேர்வுகளில் சிவில் நீதிபதி ஆக மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என்றும் சொன்னது. 2025 அக்டோபரில் அரசியல் சாசன அமர்வு இன்னொரு கதவைத் திறந்தது: வழக்கறிஞராக இருந்த காலமும் நீதிபதியாக இருந்த காலமும் சேர்ந்து ஏழு ஆண்டு ஆனால், பணியிலிருக்கும் முன்சீப்பும் சப் ஜட்ஜும் அந்த நேரடித் தேர்வை எழுதலாம். குறைந்தபட்ச வயது 35.

எந்த வாசல் வழியாக வந்தார் என்பது பின்னால் எவ்வளவு பெரிதாகிறது என்பதை வயது பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

உயர் நீதிமன்றத்துக்குச் சட்டம் கேட்கும் தகுதி என்ன?

இந்தியக் குடியுரிமை. அதோடு, பத்து ஆண்டுகள் 'நீதித்துறைப் பதவி' வகித்திருக்க வேண்டும், அல்லது பத்து ஆண்டுகள் உயர் நீதிமன்ற வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்த 'நீதித்துறைப் பதவி' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. 1991-ல் மிசோரம் அரசின் சட்டத்துறைச் செயலராக இருந்த ஒருவரைக் கவுகாத்தி உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமித்துக் குடியரசுத் தலைவரின் ஆணையே வந்துவிட்டது. பதவியேற்பு மட்டும்தான் பாக்கி. செயலர் வேலை நீதித்துறைப் பதவி ஆகாது என்று வழக்கு வந்தது. 1992 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்து செய்தது. நீதித்துறைப் பணியில், அரசின் நிர்வாகத்துக்குக் கட்டுப்படாமல், வழக்குகளைத் தீர்க்கும் பதவியில் இருந்திருக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். சின்ன ஊரில் வாய்தா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முன்சீப்புக்கு இருக்கும் தகுதி, தலைமைச் செயலகத்தில் பெரிய அறையில் இருக்கும் சட்டத்துறை அதிகாரிக்கு இல்லை.

யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? 'நாமினேட்' செய்வது யார்?

நம் நாட்டில் நாமினேஷன் என்று ஒன்று இல்லை. பரிந்துரைதான் உண்டு. அமெரிக்காவில் அதிபர் ஒருவர் பெயரை முன்மொழிய, செனட் குழு அவரை உட்காரவைத்துத் தொலைக்காட்சி முன்னால் கேள்வி கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அப்படிப் பொது விசாரணை எதுவும் நடப்பதில்லை.

உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியும் அவருக்கு அடுத்த மூத்த நீதிபதிகள் இருவரும் சேர்ந்ததுதான் அங்குள்ள கொலீஜியம். அவர்கள்தான் பெயரை எழுப்புகிறார்கள். அந்தப் பெயர் முதலமைச்சருக்கும் ஆளுநருக்கும் போகும். ஆறு வாரத்தில் கருத்து வராவிட்டால் சொல்ல எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பிறகு மத்திய சட்ட அமைச்சகம். உளவுத்துறை, அதாவது ஐபி, அவரைப் பற்றி விசாரித்து அறிக்கை தரும். எல்லாம் சேர்ந்து இந்தியத் தலைமை நீதிபதியிடம் போகும். அவரும் மூத்த நீதிபதிகள் இருவரும் கொண்ட உச்ச நீதிமன்றக் கொலீஜியம், சென்னை உயர் நீதிமன்றத்தை நன்றாக அறிந்த உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் கேட்டுக்கொண்டு, பரிந்துரைக்கலாமா வேண்டாமா என்று தீர்மானம் போடும். அது மறுபடி மத்திய அரசுக்கு வந்து, பிரதமர் வழியாகக் குடியரசுத் தலைவர் கையொப்பத்துக்குப் போகும். அந்த ஆணைக்குப் பேச்சில் 'வாரண்ட்' என்றே பெயர்.

இந்த ஏற்பாடு 1993, 1998 ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளிலிருந்து வந்தது. இதற்கு மாற்றாக நாடாளுமன்றம் கொண்டுவந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை 2015 அக்டோபர் 16-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. மத்திய அரசு ஒரு பெயரைத் திருப்பி அனுப்பலாம். கொலீஜியம் அதையே ஒருமனதாக மறுபடி அனுப்பினால் மூன்று, நான்கு வாரத்தில் நியமிக்க வேண்டும் என்பது 2021 ஏப்ரல் தீர்ப்பு. நடைமுறையில் மாதக்கணக்கில் கிடக்கும் பெயர்கள் உண்டு. அந்தத் தாமதம் மாவட்ட நீதிபதிகளுக்கு எப்படி வலிக்கும் என்பதற்கும் வயது கேள்விக்குத்தான் போக வேண்டும்.

எதைப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

அவர் எழுதிய தீர்ப்புகளை. பணியிலிருந்து வருபவர்களின் தீர்ப்புகளை மதிப்பிட நீதிபதிகள் கொண்ட குழுவே இருக்கும். அந்தக் குழுவின் அறிக்கை கொலீஜியத் தீர்மானத்திலேயே குறிப்பிடப்படும். அடுத்தது, ஒவ்வோர் ஆண்டும் எழுதப்படும் ரகசிய அறிக்கை. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பொறுப்பாக ஓர் உயர் நீதிமன்ற நீதிபதி இருப்பார். போர்ட்ஃபோலியோ ஜட்ஜ் என்பார்கள். கீழே இருக்கும் நீதிபதியின் நடத்தை, வேகம், தீர்ப்பின் தரம், நேர்மை ஆகியவை ஆண்டுக்கு ஆண்டு காகிதத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். உயர் நீதிமன்றத்தின் விஜிலன்ஸ் பிரிவில் புகார் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். 2024 டிசம்பரிலிருந்து உச்ச நீதிமன்றக் கொலீஜியம் பரிந்துரைக்கப்பட்டவர்களை நேரில் அழைத்துப் பேசவும் தொடங்கியது. நல்ல மாற்றம் என்று நினைக்கிறேன்.

என்னைக் கேட்டால், ஒரு மாவட்ட நீதிபதிக்கு நேர்காணல் அவர் முன்சீப்பாக முதல் நாள் இருக்கையில் உட்கார்ந்தபோதே தொடங்கிவிடுகிறது. இருபத்தைந்து ஆண்டுக்கு முன்னால் ஏதோ ஒரு மலையடிவார ஊரில் எழுதிய பாகப்பிரிவினைத் தீர்ப்பும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பைப் படித்த உயர் நீதிமன்ற நீதிபதிக்கு அவர் பெயர் மனதில் நின்றிருக்கும். வழக்கறிஞர்கள் நாங்கள் இன்னும் சின்ன விஷயங்களைக் கவனிப்போம்: குறுக்கு விசாரணையில் ஒரு கிராமத்துப் பாட்டியை வழக்கறிஞர் மிரட்டும்போது நீதிபதி தலையிடுகிறாரா, வாய்தா கேட்டால் எதிர்த்தரப்பு சாட்சி எத்தனை பஸ் மாறி வந்தார் என்று யோசிக்கிறாரா என்று. இவை எந்தப் படிவத்திலும் இல்லை. ஆனால் ஊர் மாறிப் போன பிறகும் அந்த நீதிபதியைப் பற்றி இவற்றைத்தான் பேசிக்கொண்டிருப்போம்.

வயது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

முழுப் பதிலும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

மாவட்ட நீதிபதி ஓய்வு பெறுவது 60 வயதில். உயர் நீதிமன்ற நீதிபதி 62-ல். 1963-ல் நடந்த 15-வது திருத்தத்துக்கு முன்னால் அதுவும் 60-தான். காலியிடம் விழும் நாளில் நீதித்துறை அலுவலருக்கு ஐம்பத்தெட்டரை வயதைத் தாண்டியிருக்கக் கூடாது என்பது கொலீஜியங்கள் பின்பற்றிவரும் அளவுகோல். வழக்கறிஞர்களை 45-லிருந்து 55 வயதுக்குள் எடுக்கிறார்கள். அதாவது வழக்கறிஞராக இருந்து வருபவர் பத்துப் பதினைந்து ஆண்டு இருப்பார். முன்சீப்பாகத் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர் மூன்று, நான்கு, ஐந்து ஆண்டு இருந்தால் பெரிது. அதிலும் கோப்பு டெல்லியில் ஆறு மாதம் தூங்கினால், அவருடைய உயர் நீதிமன்ற வாழ்வில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது.

மூன்று பேருடைய வாழ்க்கையை அடுத்தடுத்து வைத்தால் விளங்கும்.

பாத்திமா பீவி. தமிழ்நாட்டு ஆளுநராக நாம் அறிந்தவர். பத்தனம்திட்டாவில் 1927-ல் பிறந்தவர். 1958-ல் 31 வயதில் கேரளத்தில் முன்சீப். 1968-ல் சார்பு நீதிபதி, 1972-ல் தலைமைக் குற்றவியல் நடுவர், 1974-ல் மாவட்ட அமர்வு நீதிபதி. நடுவில் வருமான வரித் தீர்ப்பாயம். கேரள உயர் நீதிமன்றத்தில் பதவியேற்றது 1983 ஆகஸ்டில், 56 வயதில். ஒரு படியும் தாண்டிக் குதிக்காமல் வர 25 ஆண்டு ஆகியிருக்கிறது. 1989 ஏப்ரலில் ஓய்வு. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி.

ஏ. வரதராஜன். ஜோலார்பேட்டையில் 1920-ல் பிறந்தவர். 1949-ல் மாவட்ட முன்சீப். அவருக்கும் ஏறத்தாழ அதே அளவு காலம்: சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 1973-ல் வரும்போது வயது 52. மிக இளம் வயதில் முன்சீப் ஆனதால் மேலே கொஞ்சம் நேரம் கிடைத்தது. 1980 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போனார். பட்டியல் சாதியிலிருந்து அங்கு போன முதல் நீதிபதி அவர்.

ஆர். பானுமதி. ஊத்தங்கரைக்காரர். 1988-ல் நேரடித் தேர்வு வழியாக, முப்பதுகளின் தொடக்கத்திலேயே மாவட்ட நீதிபதி. 2003-ல் உயர் நீதிமன்றம், வயது 47. அதனால்தான் அவருக்கு உயர் நீதிமன்றத்தில் பத்து ஆண்டுக்கு மேல் கிடைத்தது, 2013-ல் ஜார்க்கண்ட் தலைமை நீதிபதி ஆனார், 2014-ல் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு முன் கொலீஜியத்திலும் இடம்.

மூவரும் திறமைசாலிகள்தான். முன்னவர் இருவருக்கும் பானுமதிக்கும் உள்ள வித்தியாசம் நுழைந்த வாசல். முன்சீப்பாக வந்தவர் மாவட்ட நீதிபதி ஆவதற்குள், அவரைவிட வயதில் இளையவர் ஒருவர் நேரடியாக வந்து சீனியாரிட்டியில் முன்னால் நின்றுவிடுவார். 2025-ன் இரண்டு தீர்ப்புகளும் பணியிலிருப்பவர்களுக்கு வேகமாக ஏற வழி கொடுத்திருக்கின்றன. பலன் தெரியப் பத்துப் பதினைந்து ஆண்டாவது ஆகும்.

மொத்த இடங்களில் மாவட்ட நீதிபதிகளுக்கு எவ்வளவு பங்கு?

மூன்றில் ஒரு பங்கு, மீதி வழக்கறிஞர்களுக்கு. இது மரபு, அரசமைப்புச் சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 75. அதில் ஏறத்தாழ 25 இடங்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

2020 டிசம்பர் 3 எனக்கு மறக்காத நாள். அன்று சென்னையில் கூடுதல் நீதிபதிகளாகப் பதவியேற்ற பத்துப் பேருமே மாவட்ட நீதித்துறையிலிருந்து வந்தவர்கள். நான்கு பேர் பெண்கள். நீதிபதி முரளிசங்கரும் நீதிபதி தமிழ்ச்செல்வியும் கணவன் மனைவி. ஒரே நாளில் இருவரும் உறுதிமொழி எடுத்தார்கள். நீதித்துறைப் பணி என்பது இடமாறுதலிலேயே கழியும் வாழ்க்கை. இருவரும் அதே பணியில் இருந்து, பிள்ளைகளையும் வளர்த்து, அந்த மேடைக்கு ஒன்றாக வருவது எவ்வளவு பெரிய காரியம் என்பது நீதிமன்ற ஊழியர்களுக்குத்தான் தெரியும்.

இது எப்போது தொடங்கிய வழக்கம்?

உயர் நீதிமன்றம் தொடங்கிய காலத்திலேயே. சென்னை உயர் நீதிமன்றம் 1862-ல் ஏற்பட்டது. அதன் முதல் இந்திய நீதிபதி தி. முத்துசாமி ஐயர், 1877-ல். தஞ்சை மாவட்டத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப்பாக இருந்து, சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட்டாகவும் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் காஸ் கோர்ட் நீதிபதியாகவும் உட்கார்ந்தவர். உயர் நீதிமன்ற வளாகத்தில் அவர் சிலை இருக்கிறது. பல வழக்கறிஞர்கள் தினமும் அதைக் கடந்து போகிறார்கள், ஒரு முன்சீப்பின் சிலை அது என்ற நினைவு இல்லாமல்.

இன்னொருவர் அன்னா சாண்டி. 1937-ல் திருவிதாங்கூரில் முன்சீப், 1948-ல் மாவட்ட நீதிபதி, 1959-ல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. இந்தியாவில் எந்த உயர் நீதிமன்றத்திலும் அவருக்கு முன் ஒரு பெண் அமர்ந்ததில்லை.

மேலே போனதும் வேலை எப்படி மாறும்?

முதலில், சாட்சிக் கூண்டு காணாமல் போகும். சாட்சி பேசும்போது முகம் எப்படி இருந்தது, எந்தக் கேள்விக்குத் தயங்கினார் என்று விசாரணை நீதிபதி குறிப்பெழுதலாம். சட்டமே அதற்கு இடம் தருகிறது. உயர் நீதிமன்றத்தில் பெரும்பாலும் காகிதம்தான் வரும். அந்தக் காகிதத்துக்குப் பின்னால் ஒரு மனிதன் எப்படி நின்றிருப்பான் என்று ஊகிக்க முடிவது விசாரணை நீதிமன்றத்தில் ஊறியவருக்குத்தான். அமர்வு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தால் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. அந்த அமர்வில், ஒரு காலத்தில் தானே கொலை வழக்கை முதல் சாட்சியிலிருந்து கேட்ட ஒருவர் இருப்பது குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நல்லது, இறந்தவர் குடும்பத்துக்கும் நல்லது. இதை நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

இன்னொரு பக்கம், புதிதாகக் கற்க வேண்டியது நிறைய. பிரிவு 226-ன்படி ரிட் மனுவை, அதாவது அரசின் நடவடிக்கையை எதிர்த்துப் போடும் மனுவை, விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட நீதிபதிக்கு இருந்ததே இல்லை. அரசாணையை ரத்து செய்வது, சட்டம் செல்லுமா என்று பார்ப்பது, ஆட்கொணர்வு மனு, வரி வழக்கு எல்லாம் வந்து விழும். மாவட்டத்தில் ஒரு விதி சரியில்லை என்று பட்டாலும் அதைப் பின்பற்றித்தான் தீர்ப்பு எழுதியிருப்பார். இங்கே அந்த விதியையே கேள்வி கேட்கலாம். முப்பது ஆண்டுப் பழக்கம் ஒரே வாரத்தில் மாற வேண்டும். முதல் சில மாதங்கள் சிலர் மிகக் கவனமாக, பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சம்பளம் எவ்வளவு கூடும்?

பலர் நினைப்பதைவிடக் குறைவு. மாவட்ட நீதிபதிகளில் உச்சப் படிநிலையின் அடிப்படைச் சம்பளம் 2,24,100 ரூபாய் வரை போகும். உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 2,25,000. கூடுவது அதிகாரம், இரண்டு ஆண்டுப் பணிக்காலம், பிறகு ஓய்வூதியம். ஓய்வூதியத்தில் பணியிலிருந்து வந்தவர்கள் நெடுநாள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். 2025 மே 19-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்தது: வழக்கறிஞராக இருந்து வந்தாலும் மாவட்ட நீதிபதியாக இருந்து வந்தாலும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிக்கு ஆண்டுக்கு 13.5 லட்சம் ரூபாய், ஒரே அளவு.

'கூடுதல் நீதிபதி' என்றால் அரைகுறை நீதிபதியா?

இல்லை. அதிகாரம் முழுதாக உண்டு. பிரிவு 224-ன்படி இரண்டு ஆண்டுக்கு மிகாமல் நியமிக்கப்படுகிறார்; அதற்குள் மறுபடி கொலீஜியம் பார்த்து நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கும். ஐம்பத்தெட்டு வயதில் வருபவருக்கு இந்த இரண்டு ஆண்டு மொத்தக் காலத்தில் பாதி.

தகுதியில்லாதவர் என்று நினைத்தால் வழக்குப் போடலாமா?

சட்டம் சொல்லும் தகுதி இல்லை என்றால் போடலாம்; மேலே சொன்ன 1992 வழக்கு அப்படித்தான். "இவர் பொருத்தமானவர் இல்லை" என்பது காரணமாகாது. சென்னை உயர் நீதிமன்றத்துக்கான ஒரு நியமனத்தை எதிர்த்த மனுவை 2023 பிப்ரவரி 7-ல் தள்ளுபடி செய்தபோது உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத்தான் சொன்னது. பொருத்தத்தைப் பார்ப்பது கொலீஜியத்தின் வேலை.

'கீழ்க் கோர்ட்' என்று சொல்லலாமா?

நான் சொல்வதில்லை. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே, விசாரணை நீதிமன்றத்தைக் 'கீழ் நீதிமன்றம்' என்று குறிப்பிட வேண்டாம் என்று தன் பதிவகத்துக்குச் சொன்னது. மேல்முறையீட்டு வரிசையில் அது முதலில் இருக்கிறது. பெரும்பாலான மக்கள் வாழ்நாளில் பார்க்கும் ஒரே நீதிமன்றமும் அதுதான்.

பரிந்துரை வந்ததா என்று எங்கே பார்ப்பது?

2017 அக்டோபரிலிருந்து கொலீஜியத் தீர்மானங்கள் உச்ச நீதிமன்ற இணையதளத்தில் வெளியாகின்றன. பரிந்துரை வந்த அன்றே வாழ்த்துப் பேனர் வைப்பதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். குடியரசுத் தலைவர் ஆணை வந்து, உறுதிமொழி எடுத்த பிறகுதான் அவர் உயர் நீதிமன்ற நீதிபதி.

அவர் மாவட்டத்தில் கொடுத்த தீர்ப்பின் மேல்முறையீடு அவரிடமே வருமா?

வராது. தன் தீர்ப்பின் மீதான அப்பீலைத் தானே கேட்கக் கூடாது. எந்த வழக்கு யாரிடம் என்று பிரிப்பவர் தலைமை நீதிபதி. தவறிப்போய்ப் பட்டியலில் வந்துவிட்டாலும், வழக்கறிஞர் எழுந்து சொன்னால் அந்த நிமிடமே வேறு அமர்வுக்கு மாற்றிவிடுவார்கள்.

என் வழக்கு அவரிடம் பாதியில் நிற்கிறது. என்ன ஆகும்?

கட்சிக்காரர்களின் உண்மையான கவலை இதுதான். பதிவான சாட்சியம் வீணாகாது. சிவில் வழக்கில், புதிதாக வரும் நீதிபதி விட்ட இடத்திலிருந்து தொடரலாம்; உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 18, விதி 15 அதற்குத்தான். வாதம் முடிந்து, முன்னவர் தீர்ப்பை எழுதியும் வைத்து, படிக்காமல் போயிருந்தால், ஆணை 20, விதி 2-ன்படி புதியவர் அதைப் படித்து அறிவிக்க வேண்டும். எழுதப்படாமல் இருந்தால் வாதத்தை மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். குற்ற வழக்கிலும் பதிவான சாட்சியத்தை வைத்தே தொடரலாம். ஒரு சாட்சியை மீண்டும் விசாரிப்பது அவசியம் என்று புதிய நீதிபதி கருதினால் அழைக்கலாம்.

அடுத்த வாய்தா தேதியை பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பொறுப்பு நீதிபதி முன்னால் வழக்கைக் கூப்பிட்டுத் தேதி மட்டும் மாற்றுவார்கள். அன்று ஆள் இல்லாமல் போய் வழக்குத் தள்ளுபடி ஆகிவிட வேண்டாம்.